எட்டு விநாடியும் மூன்று நாளும்

நோயாளிகள் என்னைத் தேடி வருவதில்லை. அவர்களுடைய உடம்பிலிருந்து ஒரு துண்டு வரும், கூடவே ஒரு எண் வரும். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, என்ன நோய் என்று எழுதி அனுப்புவேன். திசுநோய் மருத்துவரின் வேலை அவ்வளவுதான். திருநெல்வேலியில் இருபத்தாறு வருடம் எனக்கு அப்படியே ஓடியிருந்தது.

2047 ஆடி மாதத்தில் ஒரு காலை, என் அறை விளக்கு அணைந்து எரிந்தது. மறுபடியும் அணைந்து எரிந்தது. மின்சாரக் கோளாறு என்று நினைத்துத் தலைநிமிர்ந்தேன். வாசலில் ஒரு பெண் சுவிட்சின்மேல் கை வைத்தபடி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் உயரமாக ஒருவன், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்ற யோசனையில்.

"மன்னிச்சுக்கிடுங்க டாக்டரம்மா," என்றான் அவன். "அவளுக்குக் காது கேக்காது. அவங்க ஆளுக கதவைத் தட்ட மாட்டாவ, லைட்டைத்தான் போட்டு அணைப்பாவ. நான் சொல்லுததுக்குள்ள கையை வச்சிட்டா."

அவள் பெயர் யாழினி. வயது முப்பத்திநான்கு. காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அவன் அவளுடைய கணவன் இசக்கிராஜா. முப்பந்தல் பக்கம் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்ப்பவன். அவன் பெயர்களைச் சொல்லி முடித்ததும் அவள் விரல்களால் ஏதோ சொன்னாள். அவன் சிரித்துவிட்டான்.

"யாழினின்னு பேரு வச்சப்ப, காது கேக்காதுன்னு வீட்டுல தெரியாதாம். தெரிஞ்சிருந்தா வேற பேரு வச்சிருப்பாவளாம். யாரைப் பாத்தாலும் முதல்ல இதைச் சொல்லிருவா. பரிதாபப்படுததுக்கு ஆளுகளுக்கு நேரமே குடுக்க மாட்டா."

அவளுக்கு வலது காதுக்குக் கீழே, தாடை திரும்பும் இடத்தில், நெல்லிக்காய் அளவு ஒரு வீக்கம் இருந்தது. உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி. ஐந்து வாரத்துக்கு முன்பு வேறொரு இடத்தில் ஊசியால் உறிஞ்சிப் பரிசோதித்திருக்கிறார்கள். முடிவு தெளிவாக வரவில்லை. அதற்குப் பிறகு கட்டி இறுகி, வலியும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை எங்கள் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'திசுநோய் மருத்துவர்: காந்திமதி' என்று இருந்ததாம். அந்தப் பக்கம்வரை யாராவது படிப்பார்கள் என்றே எனக்குத் தெரியாது.

"முடிவு சொல்லுத டாக்டரைப் பாக்கணுங்கா," என்றான் இசக்கிராஜா.

"முடிவு சொல்றது நான் இல்லையேம்மா," என்றேன் அவளைப் பார்த்து. "மோப்பிதான் சொல்லும்."

அவள் புருவங்கள் உயர்ந்தன. நான் மேசை இழுப்பறையிலிருந்து பழைய மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினேன். தடித்த பேனா போன்ற கோல். அதற்குக் கம்பெனி வைத்த பெயர் நீளமானது. அறுவை அரங்கின் செவிலியர்கள் வைத்த பெயர் மோப்பி.

"உடம்பைத் திறந்த இடத்துல இந்த நுனியை வச்சா, ஒரு துளி தண்ணியை விட்டு உறிஞ்சிக்கும். அந்தத் துளியில கரைஞ்சு வந்ததை மோப்பம் பிடிக்கிற மாதிரிப் பிரிச்சுப் பாக்கும். எட்டாவது விநாடி, இந்தக் கழுத்துல இருக்கற வளையம் எரியும். பச்சைன்னா நல்ல சதை. சிவப்புன்னா புற்று."

அவன் கைகளால் அதைச் சொல்ல, அவள் திருப்பிக் கேட்டாள். "இது வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணுனிய?"

"துண்டை எடுத்து எங்கிட்ட அனுப்புவாங்க. நான் அதை உறைய வச்சு, ரொம்ப மெல்லிசாச் சீவி, சாயம் போட்டுப் பாத்துச் சொல்வேன். ஃப்ரோசன்னு சொல்வோம். இருபது நிமிஷம், அரை மணி ஆகும். அதுவரைக்கும் ஆளை மயக்கத்துல வச்சுக்கிட்டு எல்லாரும் காத்துட்டு நிப்பாங்க."

"அதுலயும் தெரியலைன்னா?"

"மெழுகுல பதிச்சு, நிதானமா வெட்டிப் பாக்கணும். அதுதான் முழுசா நம்பக்கூடியது. மூணு நாள்."

அவள் அடுத்துக் கேட்டதை மொழிபெயர்க்க இசக்கிராஜா தயங்கினான். அவள் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"எட்டு விநாடியில தெரிஞ்சிரும்னா, அப்புறம் நீங்க எதுக்கு இருக்கியன்னு கேக்கா."

எனக்குச் சிரிப்பு வந்தது. மோப்பி வந்த இந்த ஐந்து வருடமாக எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் மோப்பிக்கு நான் எதிரி இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். முன்பெல்லாம் மார்பகக் கட்டியை எடுத்த பெண்களில் ஐந்தில் ஒருத்தி, ஓரத்தில் மிச்சம் இருக்கிறது என்று மறுபடி அறுவை மேசைக்கு வர வேண்டியிருந்தது. மோப்பி ஓரங்களைத் தொட்டுத் தொட்டுச் சொன்ன பிறகு அது கிட்டத்தட்ட நின்றே போனது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு முறை அது சரியாகச் சொன்னது. நான் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

சிக்கல் அதன் வேகத்தால் வந்தது. எட்டு விநாடியில் பதில் கிடைக்கும் என்றானதும், அறுவைநேர வாரியம் எல்லா அரங்குகளின் அட்டவணையையும் அதற்கேற்ப இறுக்கிவிட்டது. ஒரு நோயாளிக்கு ஒரே அமர்வு. சிவப்பு எரிந்தால் செய்ய வேண்டியதை எல்லாம் அப்போதே செய்துவிட வேண்டும். மூடிவிட்டு யோசித்துத் திரும்ப வருவது என்ற வழக்கம் படிவத்திலிருந்தே போய்விட்டது. மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இதனால் சீக்கிரம் இடம் கிடைத்தது என்பதும் உண்மை.

யாழினிக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. அறுவை மருத்துவர் அசரியா அவளிடம் ஒளிக்காமல் பேசியிருந்தார். முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளேதான் ஓடுகிறது. கட்டி புற்றாக இருந்து நரம்போடு ஒட்டியிருந்தால், நரம்பையும் சேர்த்து எடுக்க வேண்டிவரும். அந்தப் பக்கம் முகம் அசையாது.

"பழகிரும்னு டாக்டர் சொன்னாரு," என்றான் இசக்கிராஜா. "அதுக்குத்தான் அவ உங்களுக்கு ஒண்ணு காட்டணுங்கா."

மருத்துவமனையின் எல்லா அறைகளிலும் இருப்பதுபோல என் அறையிலும் சைகையைப் படித்துப் பேசும் திரை இருந்தது. அவள் அதன் முன்னால் போய் நின்று கைகளை அசைத்தாள். திரை தெளிவான குரலில் சொன்னது: "இது புற்றுநோய்."

"அவ அப்படிச் சொல்லல," என்றான் அவன். "'இது புற்றுநோயா'ன்னு கேட்டா."

அவள் மறுபடியும் செய்தாள், இம்முறை எனக்காக மெதுவாக. கைகள் இரண்டு தடவையும் ஒரே மாதிரிதான் அசைந்தன. ஒரு தடவை புருவங்கள் சும்மா இருந்தன. மறு தடவை உயர்ந்தன. திரை இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொன்னது.

"புருவத்தைத் தூக்கினா கேள்வி. தூக்கலைன்னா சேதி. இந்தத் திரைக்குக் கைதான் தெரியும், மூஞ்சி தெரியாது. நரம்பு போச்சுன்னா நானும் இப்படித்தான் ஆயிருவேங்கா. வகுப்புல பிள்ளைகள்ட்ட ஒரு கேள்வி கேக்க முடியாது."

"இடது பக்கம் நல்லாத்தானே இருக்கும்? அந்தப் புருவத்தைத் தூக்கலாமே," என்றேன் அசட்டுத்தனமாக.

அவள் உடனே இடது புருவத்தை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தாள். மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

"ஒத்தப் புருவம் நக்கல்," என்றான் இசக்கிராஜா. "தலைமையாசிரியர்ட்ட லீவு கேட்டாக்கூட நக்கலாயிரும்."

மூவரும் சிரித்தோம். பிறகு அவள் பையிலிருந்து ஒப்புதல் படிவத்தை எடுத்தாள். 'சிவப்பு எரிந்தால் தேவையான அனைத்தையும் அதே அமர்வில் செய்ய ஒப்புகிறேன்' என்ற வரியைக் கோடு போட்டு அடித்தாள். கீழே அழகான கையெழுத்தில் எழுதினாள்: 'அறையில் உள்ள எவருக்காவது சந்தேகம் இருந்தால், நரம்பை வெட்டும் முன் என்னை எழுப்பிக் கேட்கவும்.'

சாட்சியாக என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். அது வாரியத்தின் விதிக்கு எதிரானது என்று அவர்கள் போன பிறகுதான் உறைத்தது.

வியாழக்கிழமை மாலை என் ஆய்வகத் தொழில்நுட்பர் பாத்திமுத்துவிடம், ஃப்ரோசன் எடுக்கும் குளிர்பெட்டியை ஆன் செய்யச் சொன்னேன். இருபத்தோரு வருடமாக என்னோடு இருப்பவர். அந்தப் பெட்டியின்மேல் துணி விரித்து டீ ஃபிளாஸ்க் வைத்திருந்தோம்.

"எதுக்கு டாக்டர்? மோப்பி நாளைக்கு லீவா?"

"இருக்கட்டும். ஓடுதான்னு பாப்போம்."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு ஃபிளாஸ்கை எடுத்து ஜன்னலில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு அசரியா அரங்கிலிருந்து கூப்பிட்டார். நாங்கள் இருவரும் ஒரே வருடத்தில் மருத்துவம் படித்தவர்கள்.

"காந்தி, சிவப்பு. மூணு இடத்துல தொட்டேன், மூணும் சிவப்பு. நரம்பு கிளை பிரியற இடத்துலயே இறுகி ஒட்டியிருக்கு. அட்டவணைப்படி எனக்கு இன்னும் அம்பது நிமிஷம்."

"எனக்கு ஒரு துண்டு அனுப்பு."

"எதுக்கு?"

"அவ எழுதினதைப் படிச்சியா?"

"படிச்சேன். அனுப்புதேன்."

பாத்திமுத்துவின் கை எதையும் மறந்திருக்கவில்லை. துண்டு உறைந்தது, கத்தி ஓடியது, சாயம் ஏறியது. பதினெட்டாவது நிமிடம் கண்ணாடித் தகடு என் முன்னால் இருந்தது.

முதல் பார்வைக்கு நானும் சிவப்புதான் சொல்லியிருப்பேன். பெரிய கரு கொண்ட செல்கள் திட்டுத் திட்டாகக் கிடந்தன. அவசர அவசரமாகப் பிரிந்துகொண்டிருந்தன. ஆனால் அந்தத் திட்டுகள் வரம்பு மீறிப் போகவில்லை. பழைய சுரப்பிக் குழாய்கள் இருந்த இடத்தின் வடிவத்துக்குள்ளேயே நின்றதுபோல இருந்தது. பக்கத்தில் செத்துப்போன சதை. ஐந்து வாரத்துக்கு முன்பு அங்கே ஒரு ஊசி போயிருக்கிறது. ஊசி ஒரு ரத்தக்குழாயைக் கெடுத்து, கட்டியின் நடுப்பகுதி செத்து, அந்தப் புண்ணை மூடத்தான் இந்தச் செல்கள் ஓடுகின்றனவோ? பரவுகிற செல்லுக்கும் அவசரம்; புண்ணை ஆற்றுகிற செல்லுக்கும் அவசரம். மோப்பி அந்த அவசரத்தைத்தான் முகர்ந்திருக்கும். உறைந்த துண்டில் ஓட்டைகளும் மங்கலும் இருந்தன. அதற்குமேல் அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"புத்துதானா டாக்டர்?" என்றார் பாத்திமுத்து.

"தெரியலை."

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே நின்றுவிட்டார். "இந்த ரூம்ல இந்த வார்த்தையைக் கேட்டு அஞ்சு வருஷமாச்சு."

அசரியாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"தெரியலைன்னா? பாதிக்குப் பாதியா?"

"பாதின்னுகூடச் சொல்ல மாட்டேன். புற்றா இருக்கலாம். ஊசி போட்ட புண் ஆறுறதா இருக்கலாம். மெழுகுல வச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

"மோப்பி இந்தத் தடவை தொண்ணூத்தாறு சதவீதம் உறுதியாச் சிவப்புங்குது."

"ஊசி போட்டது அதுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

"நான் நரம்பை விட்டுட்டு வர, அது புற்றா இருந்தா?"

"மூணு நாள்ல ஒண்ணும் பெரிசாப் பரவிராது. மறுபடி திறந்து எடுத்துக்கலாம். ஆனா நரம்பை வெட்டிட்டா, மூணு நாள் கழிச்சுத் தப்புன்னு தெரிஞ்சு பழையபடி ஒட்ட வைக்க முடியாது."

ஒப்புதல் படிவத்தைக் காட்டும்படி அவர் யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு அவர் சொன்னார்: "'அறையில் உள்ள எவருக்காவது சந்தேகம் இருந்தால்'னுதானே எழுதியிருக்கா? நீ அறையில இல்லையே."

"உனக்குச் சந்தேகம் இருக்கா இல்லையா?"

"இப்ப இருக்கு," என்றார் அசரியா.

ஒன்றரை மணி நேரம் நரம்பின்மேலிருந்து கட்டியை உரித்து உரித்து எடுத்தார். நரம்பின்மேல் மட்டும் ஒரு மெல்லிய படலம் மிச்சம். யாழினிக்கு அடுத்துக் காத்திருந்தவரின் அறுவை மதியத்துக்குத் தள்ளிப்போனது. தையல் முடியும் முன்பே வாரியத்தின் கணினி எங்கள் இருவருக்கும் அறிவிப்பு அனுப்பிவிட்டது: 'சிவப்புக்குப் பின் முடிக்கப்படாத அமர்வு. திங்கள் மாலை விளக்கம் தருக.'

அவள் கண் விழிக்கும்போது நான் வார்டில் இருந்தேன். நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் நான் நின்று எத்தனையோ வருடம். கட்டுக்கு மேலே முகம் வீங்கியிருந்தது. கண்ணைத் திறந்ததும் அவள் கையைத் தூக்கவில்லை. இரண்டு புருவங்களையும் தூக்கினாள். வலது புருவம் கொஞ்சம் தாமதித்து, பிறகு அதுவும் எழுந்தது. இசக்கிராஜா திரும்பிக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

எனக்குத் தெரியவில்லை என்பதை அவளிடம் சொன்னேன். மூன்று நாளில் தெரிந்துவிடும். புற்று என்றால் மறுபடி அறுவை. அப்போது நரம்பைப் பற்றி அவள்தான் முடிவு செய்வாள். அவள் எல்லாவற்றையும் இசக்கிராஜாவின் கைகளில் பார்த்துவிட்டுத் தண்ணீர் வேண்டும் என்றாள்.

மெழுகை அவசரப்படுத்த முடியாது. திசுவிலிருந்து நீர் வெளியேற வேண்டும், அந்த நீரை இழுத்த ஆல்கஹால் போக வேண்டும், பிறகு மெழுகு உள்ளே இறங்க வேண்டும். அந்த மூன்று நாளும் எனக்குத்தான் நகரவில்லை. மேலே வார்டில் வேறு கதை நடந்தது. சனிக்கிழமை அவளுடைய மாணவர்கள் பன்னிரண்டு பேர் பார்க்க வந்தார்கள். சத்தமே இல்லாத அமளி. பேச்சு மும்முரத்தில் ஒருத்தி கை வீசி குளுக்கோஸ் கம்பத்தைத் தள்ளிவிட்டாள். சத்தம் போடாதீர்கள் என்று சொல்லிப் பழகிய தலைமைச் செவிலி எஸ்தருக்கு, இவர்களிடம் என்ன சொல்வது என்று புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் தண்ணீர், வலி, ஊசி, பிரியாணி ஆகிய நான்குக்கும் எஸ்தர் சைகை கற்றிருந்தார். எதிர்க் கட்டிலில் குடலிறக்கத்துக்குத் தையல் போட்டிருந்த பெரியவர், தன்னைச் சிரிக்க வைக்க வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

இசக்கிராஜா மட்டும் நடைவழியில் உட்கார்ந்திருந்தான்.

"காத்தாடி உச்சியில நின்னு கீழ பாக்கும்போதுகூட இந்த நடுக்கம் வந்ததில்ல டாக்டரம்மா," என்றான். "இங்கன தரையில உக்காந்திருக்கேன், காலு ஆடுது. அவ பாருங்க, தூங்குதா."

ஞாயிறு விடுமுறை. பாத்திமுத்து அன்றும் வந்தார், வட்டிலாப்ப இனிப்பு நிறைந்த தூக்குப்பாத்திரத்தோடு. மெழுகுக் கட்டைகளைச் சரிபார்த்தோம், சாப்பிட்டோம்.

திங்கள் காலை எட்டரைக்கு முப்பத்தெட்டு தகடுகள் தயாராக இருந்தன. ஒன்றைப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினோராவது தகட்டில் முழுப் படமும் விரிந்தது. அது ஒரு சாதுக் கட்டி, உமிழ்நீர்ச் சுரப்பியில் வழக்கமாக வருவது. அதன் நடுவில் ஊசி போன தடம். தடத்தைச் சுற்றிச் செத்த சதை. செத்த சதையைச் சுற்றி, புண்ணை மூட ஓடிவந்த செல்கள், குழாய்களின் வரம்புக்குள் ஒழுங்காக. மீதி இருபத்தேழையும் பார்த்தேன். சிறப்புச் சாயங்களைப் பார்த்தேன். எங்கேயும் புற்று இல்லை. எது புண்ணை ஆற்றிக்கொண்டிருந்ததோ அதையே நோய் என்று நாங்கள் வெட்டப் பார்த்திருக்கிறோம்.

கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். பாத்திமுத்து என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பச்சையா?"

"பச்சை."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தலையிலிருந்த துணியை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாடிப்படியில் எஸ்தரை நிறுத்தி, 'புற்று இல்லை' என்பதற்குச் சைகை கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, வார்டில் இருந்த ஒரு மாணவியிடம் கேட்டு வந்து சொல்லிக்கொடுத்தார். இரண்டு முறை செய்து பார்த்துக்கொண்டேன். இந்தச் சேதியை வேறு யார் வாய் வழியாகவும் அனுப்ப எனக்கு மனமில்லை.

யாழினி கட்டிலில் சாய்ந்து, பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். நான் அவள் முன்னால் போய் நின்று, கற்றபடி கைகளை அசைத்தேன். அவள் முகம் மாறியது. குழப்பத்தோடு இசக்கிராஜாவைப் பார்த்தாள். அவனும் எழுந்து நின்றுவிட்டான்.

"டாக்டரம்மா, என்ன கேக்கிய?"

"கேக்கலப்பா. சொல்றேன்."

"'புற்று இல்லையா?'ன்னு அவகிட்ட கேக்கிய."

அப்போதுதான் புரிந்தது. சந்தோஷத்தில் என் புருவங்கள் இரண்டும் நெற்றி உச்சிக்கு ஏறியிருந்தன. யாழினிக்கும் அந்தக் கணத்திலேயே புரிந்துவிட்டது. விடைத்தாள்கள் தரையில் சரிய எழுந்து வந்தாள். இரண்டு கட்டைவிரல்களாலும் என் புருவங்களை அழுத்திக் கீழே இறக்கினாள். அப்படியே பிடித்துக்கொண்டு, மறுபடி சொல்லுமாறு தலையசைத்தாள்.

சொன்னேன். இம்முறை அது சேதியாக இருந்தது.

அவள் சிரிக்கும்போது உதட்டின் வலது ஓரம் கொஞ்சம் பின்தங்கியது. ஆறு வாரத்தில் அதுவும் சரியாகிவிட்டது. நரம்பின்மேல் விட்டுவைத்த படலத்திலிருந்து கட்டி திரும்ப வளரலாம், வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அசரியா அன்றே வந்து அவளிடம் சொன்னார். சரி என்றாள். இசக்கிராஜா கீழே கிடந்த விடைத்தாள்களை எல்லாம் பொறுக்கி, வரிசையெண்படி அடுக்கிக்கொண்டிருந்தான்.

மாலையில் வாரியத்தின் விசாரணை, காணொளி வழியாக. எங்களோடு தானும் உட்கார வேண்டும் என்று யாழினி கேட்டிருந்தாள். அதிகாரி கடுமையானவர் இல்லை, களைத்தவர். அவருடைய அட்டவணையில் நான்காயிரம் பேர் காத்திருந்தார்கள்.

"முடிவு நல்லபடியா வந்தது சந்தோஷம்," என்றார். "ஆனா, அதை வச்சு விதியை மீறினதை நியாயப்படுத்த முடியாது. இயந்திரம் சிவப்புன்னு சொன்ன பிறகு ஒவ்வொருத்தரும் மூணு நாள் காத்திருந்தா, மத்தவங்க எங்க போவாங்க?"

நியாயமான கேள்வி. அசரியாவும் நானும் மாறி மாறிப் பதில் சொல்லிப் பார்த்தோம். எங்களுக்கே அது போதவில்லை. அப்போது யாழினி கையைத் தூக்கினாள். இசக்கிராஜா மொழிபெயர்க்க வாயைத் திறந்தான். அவள் அவனைத் தடுத்து, சுவரிலிருந்த சைகைத் திரையைக் காட்டினாள். அதன் முன்னால் நின்று, நிதானமாக ஒரு வாக்கியம் சொன்னாள். திரை தெளிவான குரலில் அதை வாரியத்துக்குச் சொன்னது:

"சந்தேகம் இருந்தும் என் நரம்பை வெட்டச் சொல்கிறீர்கள்."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இல்லம்மா. வாரியம் அப்படிச் சொல்லவே இல்ல. டாக்டருக்கு உண்மையிலேயே சந்தேகம் இருந்தா, காரணத்தை எழுதி வச்சிட்டுக் காத்திருக்கலாம். அதை யாரும் தடுக்கல."

கூட்டக் குறிப்பில் அது வார்த்தை மாறாமல் ஏறியது. மூன்று மாதம் கழித்து வந்த புதிய விதியில் அந்த வாக்கியம் அப்படியே இருந்தது.

"நீ கேள்விதானே கேட்ட?" என்று வெளியே வந்ததும் கேட்டேன். "திரை அதைத் தப்பாச் சொல்லும்னு உனக்குத் தெரியுமே."

இசக்கிராஜா அதை அவளிடம் சொன்னான். அவள் இடது புருவத்தை மட்டும் தூக்கினாள்.

விதி மாறிய பிறகு கம்பெனியும் மோப்பிக்கு மூன்றாவதாக ஒரு மஞ்சள் விளக்கு வைத்தது. ஊசி போட்ட இடம், புண் பட்ட இடம், முன்பு கதிர்வீச்சு கொடுத்த இடம் என்றால் இப்போது அது மஞ்சள் எரிகிறது. எங்கள் குளிர்பெட்டி நிற்காமல் ஓடுகிறது. டீ ஃபிளாஸ்க் ஜன்னலிலேயே தங்கிவிட்டது. முதல் ஆறு மாதத்தில் பதினொரு மஞ்சள். அதில் நான்கு பேருக்குப் புற்று இல்லை. ஏழு பேருக்கு இருந்தது; அவர்கள் மூன்று நாள் காத்திருந்து அதைத் தெரிந்துகொண்டு மறுபடி மேசைக்குப் போனார்கள். "அன்னைக்கே வெட்டியிருந்தா இந்த மூணு நாள் நரகம் இருந்திருக்காது," என்றார் கயத்தாற்றைச் சேர்ந்த ஒரு பம்புசெட் மெக்கானிக். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இப்போது நான் நோயாளிகளைப் பார்க்கப் போகிறேன்.

அதற்குப் பின் வந்த தை மாதம் யாழினியின் பள்ளி ஆண்டு விழாவுக்கு அழைப்பு வந்தது. அசரியாவும் நானும் பாத்திமுத்துவும் போனோம். பிள்ளைகள் கைகளை உயர்த்தி விரல்களைச் சிலிர்க்க வைத்தார்கள். அவர்கள் ஊரில் அதுதான் கைதட்டல். விழா நடுவே இருபது பிள்ளைகள் வட்டமாகக் கூடித் தீவிரமாக ஆலோசனை செய்வது தெரிந்தது.

"உங்க மூணு பேருக்கும் பேரு வைக்காவ," என்றான் இசக்கிராஜா. "ஒவ்வொரு தடவையும் கா-ந்-தி-ம-தின்னு விரல்ல எழுத முடியாதுல்லா. ஒரு ஆளுக்கு ஒரு சைகை. அவங்களாப் பாத்துத்தான் வைப்பாவ, நாம கேட்டு வாங்க முடியாது."

அசரியாவுக்கு மீசையை முறுக்குவது போல ஒரு பெயர் கிடைத்தது. பாத்திமுத்துவுக்கு, அப்பளத்தைவிட மெல்லிசாக எதையோ சீவுவது போல. என் முறை வந்ததும் ஒரு சின்னப் பெண் முன்னால் வந்து, தோள்களை லேசாகத் தூக்கி, நெஞ்சுக்கு முன்னால் உள்ளங்கையை மலர விரித்துக் காட்டினாள். கூட்டமே சிரித்து ஆமோதித்தது. யாழினி முதல் வரிசையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

இசக்கிராஜா மொழிபெயர்க்காமல் நின்றான்.

"என்னப்பா அர்த்தம்?"

"தப்பா எடுத்துக்கிடாதிய டாக்டரம்மா," என்றான். "அதுக்கு 'தெரியாது'ன்னு அர்த்தம்."

மருத்துவப் பட்டப்படிப்பில் நான் தங்கப்பதக்கம் வாங்கியவள். அது என்ன, இது என்ன என்று கேட்ட எல்லோருக்கும் இருபத்தாறு வருடம் பெயர் சொல்லி அனுப்பியவள். மேடையிலிருந்து இருபது பிள்ளைகளும் ஒன்றாகத் தோளைத் தூக்கி, கையை விரித்து, என்னைக் கூப்பிட்டார்கள்.

என் பெயர்தானே. எழுந்து போனேன்.